பவளப்பாறையும் பறந்து வரும் புழுதியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாலைவனப் புழுதி கடல் தாண்டிப் போய்ப் பவளப்பாறைகளைக் கெடுக்கிறது என்கிறார்கள். மண்துகள் அவ்வளவு தூரம் எப்படிப் போகும்? இதை நம்பலாமா?

பதில்: போவதைத் தாராளமாக நம்பலாம், அளந்தே இருக்கிறார்கள். கெடுக்கிறதா என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புழுதி கிளம்பும் விதம் பலரும் நினைப்பதுபோல் இல்லை. மிக நுண்ணிய துகளைக் காற்று நேரடியாகத் தூக்குவதில்லை. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தரையோடு கிடக்கும். காற்று நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் வேகத்தை எட்டியதும் சுமார் 70 முதல் 100 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனுள்ள மணல்தான் முதலில் அசையும். அது துள்ளித் துள்ளித் தரையில் மோதும்போது, சிக்கிக் கிடந்த நுண்துகள் தெறித்து மேலே எழும். வெடித்துக் காய்ந்த ஏரிப் படுகைகள் பெரும் புழுதிக் கிடங்குகளாக இருப்பது இதனால்தான்: நுண்ணிய வண்டலும் இருக்கிறது, அதை உடைத்துவிட மணலும் இருக்கிறது. சாட் நாட்டின் போடெலே பள்ளம் இதற்குப் பேர்போன இடம்.

எழுந்த புழுதி சகாராவின் சூடான, வறண்ட காற்றோடு சேர்ந்து ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரத்திலிருந்து 5 கி.மீ. வரை ஓர் அடுக்காக நகர்கிறது. கரீபியன் கடலை எட்ட 5 முதல் 7 நாள் ஆகும். கனமானவை வழியிலேயே உதிர்ந்துவிடும். போய்ச் சேர்வது பெரும்பாலும் 10 மைக்ரானுக்கும் குறைந்த துகள். 2007 முதல் 2013 வரையிலான செயற்கைக்கோள் அளவீடுகளின்படி ஆண்டுக்குச் சராசரியாக 18.2 கோடி டன் புழுதி சகாராவின் மேற்கு விளிம்பைத் தாண்டுகிறது. அதில் சுமார் 4.3 கோடி டன் கரீபியன் பகுதியில் இறங்குகிறது.

கேள்வி: 4.3 கோடி டன்னா! அவ்வளவு மண் மேலே விழுந்தால் பவளம் மூச்சுமுட்டியே செத்துவிடாதா?

பதில்: சாகாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 20 கிராம் புழுதி விழுவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அது ஒரு சதுர செ.மீ.க்கு ஆண்டு முழுவதற்கும் 2 மி.கி. வண்டலால் பவளத்துக்குத் தொல்லை தொடங்கும் அளவாக ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் எண், ஒரு சதுர செ.மீ.க்கு நாளொன்றுக்கு 10 மி.கி. ஆண்டுக்கு 3,650 மி.கி. ஆகிறது. 2 எங்கே, 3,650 எங்கே! பவளம் கோழையைச் சுரந்து, மேலே படியும் துகளைச் சுருட்டித் தள்ளிவிடும் உயிரி. இந்தப் புழுதி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பவளத்தை மூடிக் கொல்வது அருகிலுள்ள கரையிலிருந்து வரும் சேறு. ஒரே மழையில் மண்சாலையும் வெட்டிப் போட்ட சரிவும் கரைந்து ஓடிவந்தால், மேற்சொன்ன ஓராண்டுப் புழுதியைப் போலப் பல மடங்கு ஒரே நாளில் படிந்துவிடும். ஆகவே, தூரத்துப் புழுதியைப் பற்றிப் பேசும்போது எடையை மறந்துவிட்டு, அது எதைச் சுமந்துவருகிறது என்று பாருங்கள். இரும்பு, நைட்ரஜன், உலோகங்கள், பூச்சிக்கொல்லி எச்சம், நுண்ணுயிரி என்று அந்தப் பட்டியலில்தான் விஷயம் இருக்கிறது.

கேள்வி: இரும்பு சத்துப்பொருள்தானே? அது எப்படிப் பாறைக்குக் கெடுதலாகும்?

பதில்: சத்து என்பதால்தான் கெடுதல். பவளம் செழிப்பது சத்துக் குறைந்த, கண்ணாடிபோல் தெளிந்த நீரில். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு தயாரித்து, பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரைகூடத் தந்துவிடுகிறது. வெளியே வளரும் பாசிகளுக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லை; நீரில் சத்து கிடைத்தால்தான் தழைக்கும். சத்து கூடினால் லாபம் அவற்றுக்கு, இடம் பறிபோவது பவளத்துக்கு.

மறுபடியும் கணக்கு. கனிமப் புழுதியில் இரும்பு ஏறத்தாழ 4 விழுக்காடு. மேற்சொன்ன 20 கிராமில் 0.8 கிராம் இரும்பு. பெரும்பகுதி கரையாது, நூற்றில் ஒரு பங்கு கரைந்தால் 8 மி.கி. 10 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு மேலே நிற்கும் நீர் 10,000 லிட்டர். ஓராண்டு இரும்பும் அதில் சேர்ந்தால் லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம். அற்பம் என்று தோன்றும். ஆனால் கரையிலிருந்து வெகுதூரம் உள்ள வெப்பக் கடல்களின் மேல்நீரில் கரைந்த இரும்பே பல இடங்களில் 0.05 மைக்ரோகிராமுக்கும் கீழே. உண்மையில் இது ஆண்டு முழுதும் பரவி வரும், நீரோட்டமும் அடித்துச் செல்லும். ஆனால் பெரும் புழுதிமூட்டம் ஒன்று வந்து, பின்னாலேயே மழையும் பெய்தால் சில நாட்களில் மொத்தமாக இறங்கிவிடும்.

இதில் மாசு எங்கே நுழைகிறது என்பது பலர் கவனிக்காத இடம். எண்ணெயும் நிலக்கரியும் எரிவதால் வரும் கந்தக, நைட்ரஜன் வாயுக்கள் காற்றில் அமிலமாகி, மிதக்கும் புழுதித் துகளின் மேல் ஒட்டுகின்றன. அமிலம் பட்ட துகளில் கரையும் இரும்பின் பங்கு கூடுகிறது. எண்ணெய் எரிந்த சாம்பலில் உள்ள இரும்போ இயல்பாகவே எளிதில் கரையும். ஆக, சுத்தமான பாலைவனப் புழுதியும் ஆலைப்புகை வழியாக வந்த புழுதியும் ஒன்றல்ல.

இரும்பு என்ன செய்யும் என்பதற்கு நேரடிச் சாட்சி பசிபிக் நடுவே உள்ள பால்மைரா தீவுப்பாறை. அங்கே 1991-ல் ஒரு மீன்பிடிக் கப்பல் தரைதட்டி அப்படியே துருப்பிடித்துக் கிடந்தது. கப்பலைச் சுற்றி, பவளத்தின் உறவினமான, ஆனால் சுண்ணாம்புக் கூடு கட்டாத ஒரு மெத்துடல் உயிரி பெருகி, சதுர கிலோமீட்டர் கணக்கில் தரையை மூடிவிட்டது. கடைசியில் கப்பலையே வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கடற்பகுதியில் இப்படி இரும்புச் சிதைவுகள் கிடக்கும் இடங்களில் பாறை கறுத்து, பாசிப்படலம் போர்த்தி நிற்கிறது. அங்கிருந்து எடுத்த கற்துண்டுகளைத் தொட்டியில் பவளத்தோடு வைத்தால் பவளம் செத்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்தபோது பிழைத்தது. இரும்பு நேரே கொல்வதில்லை, கொல்லும் நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுகிறது என்று அதற்கு அர்த்தம்.

புளோரிடாவின் மேற்குக் கரையில் 1999 ஜூலையில் சகாராப் புழுதி இறங்கிய பிறகு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் சத்தாக்கும் டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப்பாசி சுமார் 100 மடங்கு பெருகியது பதிவாகியிருக்கிறது. இந்தப் பாசிக்கு இரும்பு அதிகம் தேவை. அது சேர்த்த நைட்ரஜன் பிறகு மற்றப் பாசிகளுக்கும் போகிறது.

கேள்வி: நைட்ரஜன் என்கிறீர்கள். அது சாக்கடை, உரம் வழியாகத்தானே கடலுக்குப் போகும்? காற்றிலுமா?

பதில்: காற்றிலும்தான். வாகனம், மின்நிலையப் புகை, உரம் போட்ட வயலிலிருந்து எழும் அம்மோனியா எல்லாம் மழையோடு கடலில் இறங்குகின்றன. தென்சீனக் கடலில் கரையை விட்டு வெகுதூரம் தள்ளியுள்ள டோங்ஷா பவளத்தீவில், பவள எலும்புக்கூட்டின் ஆண்டு வளையங்களில் நைட்ரஜன் ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுவகையை) அளந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மனிதர் உண்டாக்கிய நைட்ரஜன் அங்கே ஏறிக்கொண்டே வந்திருப்பது தெரிந்தது. ஆறும் சாக்கடையும் எட்டாத இடம் அது.

இதன் ஆபத்து வெறும் பாசி வளர்ச்சியோடு நிற்பதில்லை. நைட்ரஜன் கூடி, பாஸ்பரஸ் அதே அளவில் கூடாமல் போனால் பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசி பெருகும், ஆனால் பாஸ்பரஸ் பட்டினியில் அதன் சவ்வுகள் பலவீனமாகும். அப்படிப்பட்ட பவளம் வழக்கமாகத் தாங்கும் வெப்பத்திலேயே வெளிறிவிடுகிறது, அதாவது நுண்பாசியை இழந்து வெளுத்துவிடுகிறது என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. கடல் சூடாவதை நாம் உடனே நிறுத்த முடியாது. ஆனால் எந்தச் சூட்டில் பவளம் வெளிறும் என்பதை நீரின் தரமும் தீர்மானிக்கிறது.

கேள்வி: புழுதியோடு வரும் பூஞ்சைதான் கடல்விசிறிகளைக் கொன்றது என்று பாடத்தில் படித்திருக்கிறேன். ஆசிரியர் இப்போது அது உறுதியில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வது.

1990-களின் நடுவில் கரீபியனில் கடல்விசிறிகள் (விசிறி வடிவில் வளரும் பவள உறவினங்கள்) ஊதாநிற விளிம்புள்ள புண்களோடு அழுகின. புண்ணிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சை ஆஸ்பர்ஜில்லஸ் சைடோவி. இது நிலத்து மண்ணில் சாதாரணமாகக் காணப்படுவது, உப்பையும் தாங்கும். வர்ஜின் தீவுகளில் புழுதி நாட்களில் காற்றை வடிகட்டியபோது அதே இனம் கிடைத்தது. அதை ஆரோக்கியமான கடல்விசிறியில் வைத்தபோது நோயும் வந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றும்தானே?

ஆனால் புழுதி கிளம்பும் இடமான ஆப்பிரிக்காவின் மாதிரிகளிலேயே இதைத் தேடியபோது (முடிவு வெளியானது 2008-ல்) இந்த இனம் அகப்படவில்லை. உலகின் பல இடங்களில் எடுத்த இதே பூஞ்சையின் மரபணுவை ஒப்பிட்டபோதும் ஒற்றை மூலம் எதுவும் தெரியவில்லை. எங்கும் கலந்து கிடக்கிறது. காற்றில் வித்துகள் இருப்பதால் அவை சகாராவிலிருந்துதான் வந்தன என்று ஆகிவிடாது. பக்கத்துத் தோட்டத்து மண்ணிலிருந்தும் வந்திருக்கலாம். ‘புழுதியில் நுண்ணுயிரி வரும்’ என்பது மெய். ‘இந்த நோயை ஆப்பிரிக்கப் புழுதிதான் கொண்டுவந்தது’ என்பது நிற்கவில்லை.

நோய்க்கிருமி எங்கிருந்து வந்தது என்று ஐயமறக் காட்டிய வழக்கு வேறு ஒன்று உண்டு. புளோரிடாவில் எல்க்ஹார்ன் எனப்படும் மான்கொம்புப் பவளத்தைத் தாக்கிய வெள்ளைப்புண் நோய்க்குக் காரணமான செராட்டியா மார்செசென்ஸ் பாக்டீரியாவின் வகை, மனிதக் கழிவுநீரில் இருந்த வகையோடு பொருந்தியது. அதைத் தொட்டியில் இட்டபோது சில நாட்களிலேயே நோய் வந்தது. கழிவுத்தொட்டி கசிந்தால் பவளத்துக்கு நோய் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடையாது.

கேள்வி: கரீபியன் பாறைகள் அழிந்ததற்கே ஆப்பிரிக்கப் புழுதிதான் காரணம் என்ற கருத்து இன்னும் ஏற்கப்படுகிறதா?

பதில்: தனிக் காரணமாக இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யூஜின் ஷின்னும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் இதை முன்வைத்தார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட நூல் பார்படோஸ் தீவின் பதிவு. ஜோசப் பிராஸ்பெரோ அங்கே 1965 முதல் புழுதியை அளந்துவந்தார். சகாராவின் தெற்கு விளிம்பான சாஹேல் பகுதியின் வறட்சியோடு 1970-களில் புழுதி எகிறியது, 1983 போன்ற ஆண்டுகளில் உச்சம் தொட்டது. அதே காலத்தில்தான் பவளங்களில் வெண்பட்டை நோய் பரவியது, 1983-84-ல் நீள்முள் கடல் முள்ளெலிகள் கூண்டோடு மடிந்தன. பாசியை மேய்ந்து பாறையைத் துப்புரவாக வைத்திருந்தவை அவைதான். காலம் பொருந்தியது உண்மை.

இடம்தான் பொருந்தவில்லை. முள்ளெலிச் சாவு முதலில் காணப்பட்டது பனாமாக் கால்வாயின் கரீபியன் வாயில் அருகே. அங்கிருந்து நீரோட்டத்தின் போக்கில் தீவு தீவாகப் பரவியது. காற்றில் வந்த புழுதி என்றால், முதலில் எதிர்கொள்ளும் கிழக்குத் தீவுகளில் அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்? இதோடு பாசி மேயும் கிளிமீன்களைப் பிடித்துத் தீர்த்தது, கழிவுநீர், கரையோரக் கட்டுமானம், வெப்ப அலைகள் என்று பல சேர்ந்தன. 1970-களில் சராசரியாகப் பாதி அளவு உயிர்ப்பவளம் மூடியிருந்த பாறைகளில் 2000-ஐ ஒட்டிப் பத்தில் ஒரு பங்கே மிஞ்சியது. இத்தனை பெரிய சரிவைப் புழுதி ஒன்றின் தலையில் கட்டுவது, அருகில் இருக்கிற குற்றவாளிகளைத் தப்பவிடுவதில்தான் முடியும். எங்கள் கணிப்பில் புழுதி உடந்தை. முதல் குற்றவாளி அல்ல.

கேள்வி: செங்கடலைச் சுற்றிலும் பாலைவனம். புழுதி கெடுதல் என்றால் அங்கே பவளமே இருக்கக் கூடாதே?

பதில்: நல்ல மடக்கு. செங்கடல் உலகிலேயே புழுதி மிகுதியாக விழும் கடல்களில் ஒன்று. அங்கே ஆறு ஒன்றுகூட நிரந்தரமாக வந்து கலப்பதில்லை, மழையும் சொற்பம். சேறும் உரமும் சேராத நீரில், புழுதி தரும் நுண்சத்து பெரும்பாலும் பவளத்துக்கே பயன்படுகிறது. செங்கடல் பவளத்தைத் தொட்டியில் வைத்துப் பாலைவனப் புழுதி இட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், இரும்பு, மாங்கனீசு போன்றவற்றைப் பவளம் எடுத்துக்கொண்டு அதன் நுண்பாசியின் ஒளிச்சேர்க்கையும் மேம்பட்டது. கழிவுநீர் ஏற்கனவே கலந்திருக்கும் வேறொரு கடலில் அதே புழுதி பாசிக்கு உரமாகிவிடும்.

கேள்வி: காட்டுத்தீப் புகை, எரிமலைச் சாம்பல் இவற்றாலும் பவளத்துக்கு ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. ஆனால் வழி விதவிதமானது. 1991-ல் பினாட்டுபோ எரிமலை வெடித்து, உலகமே சிறிது குளிர்ந்தது. அடுத்த குளிர்காலத்தில் செங்கடலின் வடமுனையில் மேல்நீர் வழக்கத்துக்கு மீறிக் குளிர்ந்து கனமாகி, 850 மீட்டருக்கும் கீழே வரை நீர் கலந்தது. ஆழத்துச் சத்து மேலே வந்ததும் பாசி மண்டி, அந்த வடமுனையிலுள்ள ஐலாட் பகுதிப் பவளத்தைப் போர்வைபோல் மூடிக் கொன்றது. ஒரு துளிச் சாம்பல் அங்கே விழ வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

1997-ல் இந்தோனேசியக் காட்டுத்தீயின்போது மெந்தாவாய் தீவுகளை ஒட்டிய ஏறத்தாழ 400 கி.மீ. பாறையில் பவளமும் மீனும் கிட்டத்தட்ட முழுதாக மடிந்தன. அந்த ஆண்டு ஆழ்நீர் மேலெழுந்து நைட்ரஜன், பாஸ்பரஸ் கொடுத்தது. புகை இரும்பைக் கொடுத்தது. செம்பாசி பெருகி, அழுகி, நீரில் ஆக்சிஜன் தீர்ந்தது என்பது 2003-ல் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். புகையின் பங்கைக் கேள்வி கேட்பவர்களும் உண்டு. செம்பாசி வந்தது பற்றிச் சச்சரவு இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். புழுதியும் புகையும் வெயிலை மறைத்துக் கடலைக் கொஞ்சம் குளிர்விக்கும். கோடையின் உச்சத்தில் அது வெளிறலைத் தணிக்கலாம். அதே மறைப்பு நீடித்தால் பவளத்தின் வளர்ச்சி குறையும். கரீபியன் பவளங்களின் வளர்ச்சி வளையங்களில் தொழிற்சாலைத் தூசுப்படலத்தின் ஏற்ற இறக்கம் பதிந்திருப்பதாக 2013-ல் ஓர் ஆய்வு வந்தது.

கேள்வி: புழுதி வரும் நாட்களில் பாறைக்கு மேல் நிழல்வலை கட்டினால் பலன் இருக்குமா?

பதில்: இருக்காது. 10 மைக்ரானுக்குக் குறைந்த துகளையும் கரைந்த இரும்பையும் எந்த வலையும் பிடிக்காது.

கேள்வி: எங்கோ இருக்கும் பாலைவனத்தை நாங்கள் என்ன செய்ய முடியும்? கரையோரத்தில் வேலை செய்பவர்கள் தடுக்கக்கூடிய புழுதி எது?

பதில்: கரையோரப் புழுதிதான் உங்கள் கையில் இருக்கிறது, கெடுதியும் அதில்தான் அதிகம். நாங்கள் முதலில் கைகாட்டுவது படகுப் பட்டறையை.

படகின் அடிப்பகுதிக்குப் பூசும் பாசித்தடுப்பு வண்ணத்தில் செம்பு ஆக்சைடு எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ இருக்கும். பழைய பூச்சை உலர்வாகத் தேய்த்துச் சுரண்டினால் வரும் தூளைக் காற்று நேரே நீரில் சேர்க்கும். ஒரு கிலோ தூளில் 300 கிராம் செம்பு இருக்கிறது என்று வையுங்கள். பவள முட்டைகள் கருவுறுவதைக் குறைக்க லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பே போதும். 20 மைக்ரோகிராம் என்று எடுத்தால் அந்த 300 கிராம், ஒன்றரைக் கோடி லிட்டர் நீரை அந்த அளவுக்குக் கொண்டுவரும். எல்லாம் ஒரே நாளில் கரையாது என்பது ஆறுதல் இல்லை: அடியில் படிந்து பல மாதம் கசியும். 2000 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப்பாறையில் தரைதட்டிய சரக்குக் கப்பலின் அடிப்பூச்சு அங்கேயே உரிந்து கிடந்தது. அந்த வண்டல் கலந்த நீரில் பவள இளவுயிரிகள் பாறையில் ஒட்டி உருமாற முடியாமல் போயின.

செய்ய வேண்டியது: நீர் விளிம்பிலிருந்து தள்ளி, சிமென்ட் தரையில் படகை ஏற்றுங்கள். தரையில் தார்ப்பாய் விரித்து, காற்று வரும் பக்கமும் கடல் பக்கமும் திரை கட்டுங்கள். தூசு உறிஞ்சும் குழாய் பொருத்திய தேய்ப்பானைப் பயன்படுத்துங்கள். கையால் தேய்த்தால் ஈரமாகத் தேய்த்து, வழியும் நீரைத் தனியே பிடியுங்கள். பலர் சறுக்குவது கடைசியில்தான்: மாலையில் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டால் நாள் முழுக்கப் பிடித்த தூள் அத்தனையும் கடலுக்குள்தான். முதலில் பெருக்கி, உறிஞ்சி, மூட்டை கட்டி நச்சுக்கழிவாகக் கொடுங்கள். கழுவுவது அதற்குப் பிறகு.

அடுத்தது நிலக்கரி, தாது போன்றவற்றின் திறந்த குவியல்கள். தூசு அதிகம் பறப்பது குவியல் சும்மா கிடக்கும்போது அல்ல, சரக்கைக் கொட்டும்போதும் அள்ளும்போதும். கொட்டும் உயரத்தைக் குறையுங்கள், சரக்கை நகர்த்தும் ஓடுபட்டையை மூடுங்கள், மேற்பரப்பை ஈரமாக வையுங்கள். நீர் தெளித்தால் வழியும் கருநீருக்குப் படிவுக்குட்டை அவசியம். இல்லையென்றால் காற்றில் போகவிருந்ததை வாய்க்காலில் அனுப்பியதாக ஆகும். காற்றுத்தடை வேலி முழுச்சுவராக இருக்கக் கூடாது. சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று, இன்னும் வாரி எடுக்கும். பாதி அளவு, அதாவது 40 முதல் 50 விழுக்காடு துளை உள்ள வேலி நல்லது. அது தன் உயரத்தைப் போல் சுமார் 10 மடங்கு தூரம் காற்றை மட்டுப்படுத்தும். லிட்டருக்கு 275 மி.கி. வரை நிலக்கரித்தூள் கலந்த நீரில் பவளத்தை வைத்த ஒரு சோதனையில் 14 நாளில் கணிசமான பவளம் செத்தது. அது கொட்டிக் கவிழ்ந்த விபத்துக்குச் சமமான அளவு, தினப்படித் தூசு அவ்வளவு இராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மண்சாலைக்கு இரண்டே வேலை: சரிவான பகுதிகளுக்கு முதலில் தளம் போடுவது, ஓடிவரும் நீரைச் சின்னச் சின்ன இடங்களில் திருப்பிச் செடிகொடிக்குள் விடுவது. கோடையில் பறப்பதைவிட மழையில் கரைவதுதான் பாறைக்கு எமன்.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழு பாறையில் படியும் வண்டலை அளக்க விரும்புகிறது. அதில் நிலத்து மண் எவ்வளவு என்று பிரிக்க முடியுமா?

பதில்: முடியும், பெரிய கருவி தேவையில்லை. 5 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயை 25 முதல் 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, அடியை மூடுங்கள். நீளம் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கும் குறைந்தால் விழுந்தது மறுபடி வெளியே சுழன்று போகும். ஓரிடத்துக்கு மூன்று குழாய், இரும்புக் கம்பியில் செங்குத்தாக, வாய் தரைக்கு அரை மீட்டர் மேலே இருக்கட்டும். உயிர்ப்பவளத்தில் கம்பி அடிக்காதீர்கள். மணல்திட்டிலோ செத்த பாறையிலோ அடியுங்கள். இரண்டு வாரம் கழித்து, நீருக்குள்ளேயே மூடி போட்டுவிட்டு எடுங்கள்.

நண்டு, நத்தை போகட்டும் என்று 1 மி.மீ. சல்லடையில் வடித்து, ஒரு நாள் படியவிட்டு, மேல்நீரை இறக்கி நன்னீரில் மூன்று முறை கழுவுங்கள். கழுவாவிட்டால் கணக்கே கெடும்: ஒரு லிட்டர் கடல்நீர் வற்றினால் 35 கிராம் உப்பு நிற்கும். பிறகு 60 டிகிரியில், எடை மாறாத வரை உலர்த்துங்கள். குழாய் வாயின் பரப்பு 19.6 சதுர செ.மீ.; 14 நாளில் 5.5 கிராம் சேர்ந்திருந்தால் நாளொன்றுக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 20 மி.கி.

இனிப் பிரிப்பது. உலர்ந்த மாதிரியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, நுரை அடங்கும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். கரைந்து போவது சுண்ணாம்பு, அதாவது பாறையின் சொந்த மணல். மிச்சத்தைக் கழுவி உலர்த்தி எடை போட்டு, 550 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்தால் கரிமப்பொருள் போகும். கடைசியில் நிற்பதில் பெரும்பங்கு நிலத்துக் கனிமம். அது உள்ளூர் மண்ணா பாலைவனப் புழுதியா என்பதற்கு ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் ஐசோடோப்பு பார்க்கும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: அலை அடித்துக் கிளப்பும் பழைய மணலும் குழாயில் விழும். அதற்குள் விழுந்தது வெளியேறாது. பவளத்தின் மேல் விழுந்தது அடுத்த அலையில் போய்விடும். ஆகவே குழாய் எண்ணைப் பவளத்தின் மேல் படியும் அளவு என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் சிமென்ட் நிரப்பிய, மேற்பரப்பு சொரசொரப்பான ஒரு குட்டைக் குழாயையும் பவள மட்டத்தில் வையுங்கள். அதன்மேல் மிஞ்சியதுதான் உண்மைப் படிவுக்கு நெருக்கம்.

காற்றில் வரும் புழுதியை அளக்கப் பார்படோஸ் முறையைச் சொன்னாலே போதும். கிழக்குக் கரையில் 17 மீட்டர் கோபுரத்தின் மேல் காற்றை வடிதாள் வழியே இழுப்பார்கள். காற்று கடலிலிருந்து வீசும்போது மட்டும் இயந்திரம் ஓடும். தீவின் பக்கம் திரும்பினால் தானே நின்றுவிடும். வடிதாளை நீரில் அலசி உப்பை நீக்கி, 500 டிகிரியில் இரவு முழுக்க எரித்து, சாம்பலை எடை போட்டு, வெற்று வடிதாளின் சாம்பலைக் கழித்து, 1.3-ஆல் பெருக்குவார்கள். எரியும்போது புழுதி இழக்கும் எடைக்கான ஈடு அந்த 1.3. காற்றுத்திசைக் கட்டுப்பாடு இல்லாமல் எடுத்த மாதிரி, பக்கத்துத் தெருவின் புழுதியைத்தான் காட்டும்.

கேள்வி: பிளாஸ்டிக் துகள் காற்றில் வந்து பாறையைக் கெடுக்குமா?

பதில்: நுண்பிளாஸ்டிக் காற்றில் மலைமுகடுவரை போவது தெரிந்த விஷயம். பவளம் அதை இரையென்று விழுங்குவதும் தெரியும். நோயோடு தெளிவாகப் பிணைந்திருப்பது பெரிய பிளாஸ்டிக்: ஆசிய-பசிபிக்கின் 159 பாறைகளைப் பார்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பிளாஸ்டிக் சிக்கிய பவளத்தில் நோய்க்கான வாய்ப்பு 4 விழுக்காட்டிலிருந்து 89 விழுக்காட்டுக்குத் தாவியது. பைகளும் கயிறும் வலைத்துண்டும் முதலில் போகட்டும்.

கேள்வி: வீட்டில் பவளத்தொட்டி வைத்திருக்கிறேன். அறையில் கொசுமருந்து அடித்த மறுநாள் இறால்கள் செத்தன, பவளமும் சுருங்கியது. தொட்டி மூடித்தான் இருந்தது. காரணம் என்ன?

பதில்: மூடியைச் சுற்றிக்கொண்டு போக மருந்துக்கு வேறு வழி இருக்கிறது. நுரைவடிப்பானும் காற்றுப்பம்பும் அறைக்காற்றை இழுத்துப் பொடிக்குமிழியாக நீரில் கலந்துகொண்டே இருக்கின்றன. காற்றில் உள்ளதை நீரில் சேர்க்க அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. கொசுமருந்திலுள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு இறாலையும் நண்டையும் முதலில் தாக்கும். அதனால்தான் அவை முந்திக்கொண்டன.

இப்போதைக்கு நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். புதுக் கிளர்வூட்டிய கரியை வடிகட்டியில் போட்டு, இரண்டு மூன்று நாளில் மறுபடி மாற்றுங்கள். செத்தவற்றை உடனே எடுத்துவிடுங்கள். இனி அடிக்க நேர்ந்தால் வடிப்பானையும் காற்றுப்பம்பையும் நிறுத்தி, நீரைச் சுழற்றும் பம்பை மட்டும் ஓடவிட்டு, தொட்டியை ஈரத்துணியால் போர்த்துங்கள். வாடை முழுதும் போன பிறகே அவற்றைத் திருப்பிப் போடுங்கள். வடிப்பானின் காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவது நிரந்தர வழி. வெளியே தெருப்புழுதி அதிகமென்றால் குழாய் முனையில் பஞ்சு வடிகட்டி ஒன்றைப் பொருத்தி, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.